எல்லாம் பதிவாகிறது, மீனைத் தவிர

சென்ற இதழில் நண்பர் ஒருவர் ஒரு வகைக் கேமராவுக்கே கருமாதி செய்து முடித்திருக்கிறார். கயாக்கில் மீன் பிடிக்கப் போகிறவருக்கு ஆக்‌ஷன் கேமரா ஒன்றே போதுமாம். ஒலிம்பஸ் டஃப் போன்று, விழுந்தாலும் நனைந்தாலும் தாங்குகிற முரட்டுக் கேமராக்கள் காலம் கடந்தவையாம். இன்னும் அவற்றைக் கையில் வைத்திருப்பவர்கள் பழம்பெருமை பேசுகிறவர்களாம். ஹூஸ்டன் பக்கத்தில் வார இறுதிகளில் கால்வெஸ்டன் விரிகுடாவில் துடுப்புப் போடும் தமிழர்கள் சிலர் இருக்கிறோம். புதிதாகச் சேருகிறவர்கள் இந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு நேரே கடைக்குப் போவார்கள். வெறும் தப்பான கருத்து என்றால் சும்மா விட்டிருக்கலாம். இது அடுத்தவர் தலையில் விழப்போகும் தப்பான பில்.

அவர் வாதம் முழுக்க ஒற்றைக் காலில் நிற்கிறது. கரையை விட்டுக் கிளம்பும்போதே கேமராவை ஓடவிடு, திரும்பி வரும்வரை ஓடட்டும், நடந்ததெல்லாம் அதற்குள் இருக்கும். படம் வேண்டுமென்றால் வீட்டில் உட்கார்ந்து வீடியோவிலிருந்து ஒரு ஃபிரேமை வெட்டிக்கொள். பிறகு படம் எடுக்கவென்று தனியாக இன்னொரு கருவி எதற்கு?

முதலில் கேமராவை எங்கே மாட்டுகிறார் என்று கேட்போம். அவர் சொல்ல வேண்டியதில்லை, கட்டுரையோடு அச்சான படங்களே சொல்கின்றன. இருக்கைக்குப் பின்னால் உயரமான கம்பத்தில். அகன்ற விளிம்புத் தொப்பி தெரிகிறது, லைஃப் ஜாக்கெட்டின் முதுகு தெரிகிறது, தூண்டில் நுனியும் ஏராளமான வானமும் தெரிகின்றன. மீன்? அவர் உடம்புக்கு முன்னால் எங்கோ இருக்கிறது. நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

மார்பில் கட்டினால் முழங்கைகளும் ரீலும் கிடைக்கும். நெற்றியில் கட்டினால் மீன் கிடைக்கும், பிடித்தவர் கிடைக்க மாட்டார். கயாக்கின் முன்மூக்கில் கம்பம் நட்டுத் தன் பக்கம் திருப்பினால் முகமும் மீனும் சேர்ந்து வரும் என்பது சரிதான். ஆனால் பிடிபட்ட மீன் முன்பக்கம் பாய்ந்து ஓடும்போது தூண்டில் நரம்பு அந்தக் கம்பத்தில்தான் சுற்றும். இரண்டு மூன்று முறை அப்படி மீனை இழந்தவர் கம்பத்தைத் தானாகவே பின்னால் கொண்டுபோய் வைத்துவிடுவார். அதன் பிறகு மறுபடியும் தொப்பிதான்.

இடம் அமைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து அவர் எண்களை எடுத்து வீசுகிறார். 5.3கே வீடியோவின் ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 16 மெகாபிக்சல், டஃப் வரிசையின் டிஜி-7 கேமராவின் படம் வெறும் 12 மெகாபிக்சல், ஆகவே வீடியோவே வென்றது என்கிறார். அந்தப் 16 மெகாபிக்சல் எதன்மேல் பரவிக் கிடக்கிறது என்று மட்டும் அவர் பார்க்கவில்லை. கோப்ரோ போன்ற ஆக்‌ஷன் கேமராக்களின் லென்ஸ், பழைய ஃபிலிம் கேமரா கணக்கில் சுமார் 16 மில்லிமீட்டருக்குச் சமமான அகலக் கோணம். இரண்டு முழங்கால்களும், முழு கயாக்கும், விரிகுடாவின் பாதியும் பங்கு கேட்டுப் பிடுங்கியது போக மீதிதான் மீனுக்கு. டிஜி-7-இல் 25 முதல் 100 மில்லிமீட்டருக்குச் சமமான ஜூம் இருக்கிறது. கையில் இருக்கும் மீனால் சட்டத்தை நிரப்பலாம். கயாக்கிலிருந்து தள்ளித் துள்ளுகிற மீனையும் ஓரளவு இழுத்துக் கொண்டுவரலாம். 4கே-யில் எடுப்பவருக்கோ ஃபிரேமுக்கு 8.3 மெகாபிக்சல்தான், அதைப் பற்றிக் கட்டுரையில் மூச்சே இல்லை.

ஓடும் படத்துக்கும் நிற்கும் படத்துக்கும் வேறொரு வித்தியாசமும் உண்டு. உச்சி வெயிலில் வீடியோவின் ஷட்டர் தானே வேகமாகி ஃபிரேம் கூர்மையாக வந்துவிடலாம். ஆனால் எங்கள் பக்கத்து ரெட்ஃபிஷ் நன்றாகக் கடிக்கிற விடியல் வெளிச்சத்தில் ஷட்டர் மெதுவாகும். உதறுகிற மீன் ஒரு செப்பு நிறக் கறையாகத்தான் பதியும். வீடியோவாக ஓடும்போது கண் அதை மன்னித்துவிடும். நிறுத்தி வெட்டி எடுத்தால் வால் அருகே இருக்க வேண்டிய கறுப்புப் புள்ளியைக்கூடத் தேட வேண்டும்.

கோப்பின் அளவையும் பாருங்கள். உச்ச தரத்தில் ஆக்‌ஷன் கேமராக்கள் ஒரு மணி நேரத்துக்கு 50 ஜிபி அளவுக்கு எழுதுகின்றன. ஆறு மணி நேரம் போய்வந்தால் 300 ஜிபி. அதற்குள் ஒரு மீன் கையில் இருந்த அரை நிமிடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் நண்பர் சொல்லும் வசதி. கோப்ரோவில் ஹைண்ட்சைட் என்று ஒன்று உண்டு. பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய 15 அல்லது 30 விநாடிகளையும் சேர்த்துச் சேமிக்கும். மீன் கவ்விய பிறகு அழுத்தினாலும் கவ்வியது பதிவாகியிருக்கும். பேட்டரியை நன்றாகவே தின்னும் என்றாலும், ஆக்‌ஷன் கேமராவைக் கயாக்கில் புத்தியோடு பயன்படுத்தும் வழி அதுதான். ஆக்‌ஷன் கேமராவின் கொடியைத் தூக்கிப் பிடித்தவர் அதன் மிகச் சிறந்த ஆயுதத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்பதிலிருந்து, அவர் அதை எவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறார் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இந்த 'ஓடிக்கொண்டே இருக்கட்டும்' யோசனை உண்மையில் உடைகிற இடம் பேட்டரி. உச்ச தரத்தில் ஒரு பேட்டரி ஒன்றரை மணி நேரம் தாங்கினால் அதுவே நல்ல கணக்கு. ஆறு மணி நேரத்துக்கு நான்கு பேட்டரி வேண்டும், தண்ணீர் மேலேயே மூன்று முறை கதவைத் திறந்து மாற்ற வேண்டும். தண்ணீர் புகாத கேமரா என்பது கதவு மூடியிருக்கும்வரைதான். மீன் செதிலும், இரைக்கு வைத்த இறாலின் பிசினும், உப்புத் தண்ணீரும் ஒட்டிய விரலோடு அந்தக் கதவைத் திறந்து பாருங்கள். ரப்பர் விளிம்பில் ஒரே ஒரு மணல் துகள் உட்கார்ந்தால் போதும், பெட்டியில் அச்சடித்த ஆழக் கணக்கெல்லாம் வெறும் அச்சுதான். பவர் பேங்கிலிருந்து கம்பி இழுத்தால் போகிறது என்பார். கம்பி நுழைய ஓட்டையுள்ள கதவை மாட்டியதும் தண்ணீர் புகாமை அங்கேயே முடிந்துவிடுகிறது. டிஜி-7 ஒரு சார்ஜில் சுமார் 330 படம் எடுக்கும் என்பது தயாரிப்பாளர் தரும் கணக்கு. அதில் பாதிதான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டாலும், காலையில் பூட்டிய கதவைச் சாயங்காலம் கரையில்தான் திறப்பேன்.

இதோடு டெக்சாஸ் ஆகஸ்ட் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக்‌ஷன் கேமராக்கள் காற்று பட்டால் குளிர்ந்துகொள்ளும். சைக்கிளிலும் பனிச்சறுக்கிலும் அந்தக் காற்று கிடைக்கும். நங்கூரம் போட்டு அசையாமல் நிற்கும் கயாக்கில், நேர் வெயிலில், 5.3கே-யில் ஓடவிட்டால் அது சூடேறித் தானாகவே அணைந்துபோவது புதிய செய்தி அல்ல. நண்பர் இது எதையும் அறியாதவர் போல எழுதுகிறார். ஒருவேளை அவர் போகும் இடத்தில் எப்போதும் தென்றல்தான் போலிருக்கிறது.

படம் எதற்கு என்ற கேள்விக்கு வருவோம், ஏனென்றால் அவர் வராமல் தாண்டிப் போன இடம் அது. கயாக் மீன்பிடிப்பில் படம் வெறும் ஞாபகார்த்தம் அல்ல, சான்று. டெக்சாஸில் ரெட்ஃபிஷ் 20 அங்குலத்துக்கும் 28 அங்குலத்துக்கும் இடையில் இருந்தால்தான் வழக்கமாக வைத்துக்கொள்ளலாம். பிடித்து உயிரோடு விட்ட மீன்களுக்கென்று மாநில வனவிலங்குத் துறை தனிச் சாதனைப் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் சேர அளவுகோலோடு எடுத்த படம் வேண்டும். சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கமும் 2011 முதல் நீளத்துக்கான சாதனைகளைப் படத்தை வைத்துத்தான் ஏற்கிறது. பாஸ்மாஸ்டர் என்ற மீன்பிடிப் போட்டி அமைப்பு 2020-இல் தொடங்கிய கயாக் தொடர் உட்பட, கயாக் போட்டிகள் பலவற்றில் எடைத் தராசு கிடையாது. மீனை அளவுப் பலகையில் கிடத்து, வாயை மூடிப் படம் எடு, விட்டுவிடு. கால் அங்குலத்தில் பரிசு கைமாறும்.

அந்தப் படத்தை அகலக் கோண லென்ஸில் எடுத்தால் என்ன ஆகும்? சட்டத்தின் ஓரங்கள் வளையும், அங்குல எண்கள் ஓரத்தில் நசுங்கும். லீனியர் என்று ஒரு அமைப்பு இருக்கிறதே என்பார் நண்பர். அது வளைவை நிமிர்த்தும், கோணத்தையும் சற்றுக் குறைக்கும், ஆனாலும் அகலம் அகலம்தான். அகல லென்ஸால் மீனைப் பெரிதாகக் காட்ட அருகே போயாக வேண்டும். அருகே போனால், பலகையைவிடச் சற்று உயரத்தில் இருக்கும் மூக்கு நுனியும் வால் நுனியும் எண்களின்மேல் தள்ளி விழுந்து தெரியும். கையை உயர்த்தி, கொஞ்சம் ஜூம் செய்து, நேர் மேலிருந்து எடுத்தால் இந்தப் பிசகு குறையும். ஜூம் இருக்கிற கேமராவுக்கு இது சாதாரணம், இல்லாததற்குத் தரத்தை இழக்காமல் முடியாத காரியம்.

ஃபிளாஷை எப்படி மறந்தார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. நடுப்பகலில் அகன்ற தொப்பி போட்டவரின் முகம் படத்தில் கரியாக வரும், பின்னால் தண்ணீர் கண்ணைக் கூசவைக்கும். முரட்டுக் கேமராவின் சின்ன ஃபிளாஷ் ஒரு சொடுக்கில் முகத்தை வெளியே கொண்டுவந்துவிடும். ஆக்‌ஷன் கேமராக்களில் ஃபிளாஷே கிடையாது. கூடவே, டிஜி-7-இன் மைக்ரோஸ்கோப் அமைப்பில் லென்ஸிலிருந்து 1 சென்டிமீட்டர் தூரம்வரை கவனம் குவியும். மீன் கக்கிய குட்டி நண்டையும், செவுளில் ஒட்டிய ஒட்டுண்ணியையும் படம் எடுக்கலாம். இது யாருக்கு வேண்டும் என்று அவர் கேட்கலாம். எந்த இரை ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிற மீன்பிடிக்காரனுக்கு வேண்டும்.

மீனின் நலன் பற்றி அவர் உருகியிருக்கும் பத்தி ஒன்று உண்டு. படத்துக்காக மீனைத் தண்ணீரிலிருந்து தூக்கி வைத்துக்கொண்டிருப்பது பாவம், தானாக ஓடும் கேமரா அந்தப் பாவத்தைத் தவிர்க்கிறது என்கிறார். நல்ல எண்ணம், நடப்பதோ தலைகீழ். கம்பத்துக் கேமராவுக்கு மீன் தெரிய வேண்டுமென்றால் அதை உயரத் தூக்கி, லென்ஸ் பக்கம் திருப்பி, பதிவு விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். அல்லது குரலால் ஆணையிட வேண்டும். காற்றடித்தால் அதற்குக் காது கேட்காது, தமிழில் கத்தினாலும் பலனில்லை. முரட்டுக் கேமராவோடு இருப்பவர் மீனைக் கைவலையில் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு, மறு கையால் கேமராவைத் தண்ணீருக்குள் முக்கிப் படம் எடுத்துவிட்டு, வலையைச் சாய்த்து விட்டுவிடுவார். இந்த இரண்டில் மீன் மூச்சுத் திணறுவது எதில்?

நிக்கான் டபிள்யூ300, பானசோனிக் எஃப்டி7, ஃபுஜி எக்ஸ்பி140 எல்லாம் போய்விட்டன, ஆகவே இந்த வகையே செத்துவிட்டது என்பதும் அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு. அவற்றுக்குச் சந்தையை மூடியது செல்போன், ஆக்‌ஷன் கேமரா அல்ல. டிஜி-7 வந்தது 2023-இல், ரிக்கோவின் பென்டாக்ஸ் டபிள்யூஜி-8 வந்தது 2024-இல். செத்த வகைக்கு யாரும் புது மாடல் விடுவதில்லை. விலைக் கணக்கும் இதே லட்சணம்தான். கம்பம், தாங்கி, மூன்று உபரி பேட்டரி, பெரிய கார்டு ஆகியவற்றின் விலையை விட்டுவிட்டு, கேமரா விலையை மட்டும் வைத்து மலிவு என்கிறார்.

அவர் சொன்னதில் ஒன்று உண்மை. மீன் கவ்வும் கணத்தில் இரண்டு கையும் தூண்டிலில் இருக்கும், எந்த முரட்டுக் கேமராவையும் எடுக்க முடியாது. அந்தப் போராட்டத்தை ஆட்டமில்லாத வீடியோவாகப் பிடிப்பதில் ஆக்‌ஷன் கேமராவுக்கு ஈடில்லை. டிஜி-7-இன் 4கே வீடியோ விநாடிக்கு 30 ஃபிரேம்தான், ஆட்டத்தை அடக்குவதிலும் பின்தங்கியதுதான். இதை மறுக்கிறவர் யாரும் இல்லை. ஆனால் போராட்டம் முடிந்து மீன் வலைக்கு வந்தபின் ஒரு கை காலியாகிறது. அந்தக் கைக்கு என்ன கொடுப்பது என்பதுதான் கேள்வி. வீடியோ போட்டு நாலு பேருக்குக் காட்டுகிறவர் ஆக்‌ஷன் கேமரா வாங்கட்டும். பிடித்த மீனின் படம் வேண்டும், அளவு வேண்டும், சான்று வேண்டும் என்பவர் ஒன்றே ஒன்று வாங்கக்கூடிய நிலையில் இருந்தால் முரட்டுக் கேமராவைத்தான் வாங்க வேண்டும்.

கடைசியாக அந்த ஆழப் போட்டி. கோப்ரோ 10 மீட்டர், டிஜி-7 15 மீட்டர், டிஜேஐ ஆக்‌ஷன் 5 ப்ரோ 20 மீட்டர் என்று பட்டியல் போட்டு டிஜேஐக்கு மாலை போடுகிறார். கால்வெஸ்டன் விரிகுடாவின் சராசரி ஆழம் சுமார் 2 மீட்டர். அங்கே விழுந்த கேமரா அழுத்தத்தால் நசுங்காது, சேற்றில் புதைந்து காணாமல்தான் போகும். இவற்றில் எதுவும் தானாக மிதக்காது. ஆகவே எதை வாங்கினாலும் ஒரு மிதவைப் பட்டையும், கயாக்கோடு பிணைக்க ஒரு கயிறும் சேர்த்து வாங்குங்கள். கரை ஏறியதும், கதவைத் திறப்பதற்கு முன், கேமராவை நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடையுங்கள்.