பிஞ்சிலேயே பறித்துவிடுங்கள்

பீன்ஸை எடை போட்டு விற்கிறோம். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. கொடியில் இன்னும் இரண்டு நாள் விட்டால் காய் நீளும், விதை பருக்கும், கிலோவுக்கு நிற்கும். விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பறிப்புக் கூலி, மூட்டைக் கூலி, லாரி வாடகை எல்லாம் போகக் கையில் நிற்பதே கொஞ்சம். கோத்தகிரியில் பறித்தது மேட்டுப்பாளையம் வந்தும், கொடைக்கானல் மலையில் பறித்தது ஒட்டன்சத்திரம் வந்தும் ஊர் ஊராகப் பிரிகிறது. நம் தெருக்கடைக் கூடையில் விழும்போது காய் துவண்டிருக்கும், உள்ளே விதை முட்டிக்கொண்டு நிற்கும். அதைத்தான் நாம் பீன்ஸின் ருசி என்று நினைத்துச் சாப்பிட்டு வருகிறோம்.

அசல் ருசி பிஞ்சில் இருக்கிறது. விதையின் மேடு வெளியே தெரியாத காய். விரல் நீளம் வந்தால் போதும், மேல்தோலில் மெல்லிய பூனைமுடி இருக்கும், உள்ளங்கையில் வைத்தால் லேசாக ஒட்டும். ஒடித்தால் ‘படக்’கென்று ஒடியும், முறிந்த இடத்தில் நீர் கசியும். விளிம்பில் நார் இருக்காது, இருந்தாலும் பல்லில் தட்டாது. இப்படிப்பட்ட காயைக் கடையில் தேடி அலைவதைவிட வீட்டிலேயே காய்க்க வைப்பது சுலபம். சமவெளியில் பீன்ஸ் வராது, அது மலைக்காய் என்று நம்மில் பலர் சொல்லிவைத்திருக்கிறோம். அது பாதி உண்மைதான்.

பீன்ஸின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோப் பக்கத்திலும் ஆண்டிஸ் மலைச்சரிவுகளிலும் தனித்தனியாகப் பழக்கி எடுக்கப்பட்ட பயிர். ஐரோப்பா போய், அங்கிருந்து வெள்ளைக்காரர்களோடு நம் பக்கம் வந்தது. 1820-களில் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் உதகையில் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட்டுப் பார்க்க ஆரம்பித்த பிறகு, நீலகிரி ‘இங்கிலீஷ் காய்கறி’களின் ஊராகிப்போனது. அந்த அந்நியத்தன்மை இன்னும் முழுதாகப் போகவில்லை. பல வீடுகளில் திவசச் சமையலுக்குள் பீன்ஸ் வராது, அவரைக்காயும் கொத்தவரங்காயும்தான். கல்யாணப் பந்தியிலோ பீன்ஸ் பொரியல் இல்லாத இலையைப் பார்ப்பது அரிது. முகூர்த்தம் மிகுந்த கோடையில் வரத்துக் குறைந்து கிலோ 100 ரூபாயைத் தாண்டினாலும் வாங்கத்தான் செய்கிறோம்.

வெப்பம் பிடிக்காது என்பது மட்டும் நிஜம். பகல் வெப்பம் 30 டிகிரிக்கு மேல் நின்றுவிட்டால் பூ பூவாய்க் கொட்டும். ஆனால் சமவெளியிலும் நமக்கொரு குளிர்காலம் உண்டே! ஐப்பசி அடைமழை ஓய்ந்து கார்த்திகையில் விதைத்தால் தையில் பறிக்கலாம். மாடிக்குச் செடி பீன்ஸ்தான் தோது. பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் கொடுத்த அர்க்கா கோமல் நல்ல ரகம். விதைத்து 45, 50 நாளில் முதல் பறிப்பு வந்துவிடும். கொடி பீன்ஸ் என்றால் ஆள் உயரத்துக்குக் குச்சி ஊன்ற வேண்டும், இன்னும் சில வாரம் பொறுக்க வேண்டும். காய்ப்பு அதிக நாள் நீடிக்கும்.

செம்மண்ணும் மட்கிய தொழு உரமும் கலந்த பையில் விரற்கடை ஆழத்தில் விதையை நேரடியாக ஊன்றிவிடுங்கள். நாற்று விட்டுப் பிடுங்கி நட்டால் வேர் பொறுக்காது. முளைக்கும் முன்னே தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் விதை அழுகிவிடும். மண் ஈரமாக இருந்தால் போதும். இலைக்கடியில் அசுவினி ஏறினால் வேப்பெண்ணெய்க் கரைசல்.

பூ விட்ட பிறகு ஒரே ஒரு வேலைதான், ஆனால் தவறக்கூடாத வேலை: ஒருநாள் விட்டு ஒருநாள் பறிப்பது. செடிக்கு வேண்டியது விதை. நாலு காய் முற்றிவிட்டால் வந்த காரியம் முடிந்தது என்று பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். பிஞ்சைப் பறித்துக்கொண்டே இருந்தால் அது விடாமல் பூக்கும். ஒரு கையால் காம்பைத் தாங்கிப் பிடித்து மறுகையால் கிள்ளுங்கள். வெடுக்கென்று இழுத்தால் அடுத்த பூங்கொத்தும் கூடவே வந்துவிடும்.

பறித்த பிஞ்சுக்குப் பெரிய சமையல் வேண்டாம். பொடியாக நறுக்கி, கொதிக்கிற உப்புத் தண்ணீரில் போட்டு, மூடாமல் வேகவிடுங்கள். மூடி வைத்தால் காயிலிருந்து ஆவியாகும் அமிலம் திரும்ப அதிலேயே இறங்கும். பச்சையத்திலுள்ள மெக்னீசியம் கழன்று காய் பழுப்பேறிவிடும். புளியும் இதே வேலையைத்தான் செய்யும். சோடா உப்புப் போட்டால் நிறம் நிற்கும். காய் குழைந்து சத்தும் போகும், எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. கடுகு, உளுந்து, கிள்ளிய வரமிளகாய், சின்ன வெங்காயம், இறக்கும்போது தேங்காய்த் துருவல். போதும்.

கைதப்பி முற்றிய காய்க்குத்தான் பருப்பு உசிலி. துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஒட்ட வடித்து, வரமிளகாய், பெருங்காயம், உப்புடன் கொரகொரவென்று அரைக்க வேண்டும். இட்லித் தட்டில் ஆவியில் வேகவைத்து, ஆறிய பிறகே உதிர்க்க வேண்டும். சூட்டில் தொட்டால் களியாகும். எண்ணெயில் அடுப்பைத் தணித்து நிதானமாகப் புரட்டினால் பருப்பு பூப்பூவாய் உதிர்ந்து காயைச் சுற்றிக்கொள்ளும். கூட மோர்க்குழம்பு இருக்க வேண்டும். பச்சையாக மட்டும் பீன்ஸைத் தின்னாதீர்கள், முற்றிய விதையை நிச்சயமாகக் கூடாது. அதிலுள்ள லெக்டின் வயிற்றைப் புரட்டிவிடும். நன்றாகக் கொதித்தால்தான் அது அடங்கும்.

கடைசிப் பறிப்பில் ஒரு செடியை மட்டும் விதைக்கு விட்டுவிடுங்கள். பீன்ஸ் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால் தாயைப் போலவே பிள்ளை வரும். பெரிய விதையாகப் பொறுக்க வேண்டுமே என்ற கவலையும் வேண்டாம். டென்மார்க் விஞ்ஞானி வில்ஹெல்ம் யோஹான்சன் பீன்ஸ் விதைகளை எடை போட்டு, தலைமுறை தலைமுறையாக விதைத்துப் பார்த்து 1903-இல் ஒன்றை எழுதினார்: ஒரே செடியின் வழிவந்த விதைகளில் பெரியதை விதைத்தாலும் சிறியதை விதைத்தாலும் விளைகிற விதைகளின் சராசரி எடை ஒன்றேதான். 1909-இல் ‘ஜீன்’ என்ற சொல்லை உலகுக்குக் கொடுத்தவரும் அவரே. ஆகவே விதையின் பருமனைப் பார்க்காதீர்கள், செடியைப் பாருங்கள். இலை சுருளாத, மஞ்சள் தட்டாத, துரு நோய் தொடாத செடியாக இருக்கட்டும். காய் கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கும்போது உரித்து, நிழலில் உலர்த்தி, சாம்பல் புரட்டிப் புட்டியில் போட்டுவைத்தால் அடுத்த கார்த்திகைக்கு விதை தயார்.