பொன்னாடை போர்த்திய கிரகங்கள்

“கதை எழுதுகிறவனுக்குக் கிரகங்களைப் பற்றி என்ன பேச்சு?” என்று கேட்பவர்கள் கேட்கட்டும். குழந்தைகளின் ஆச்சரியத்தை யார் திருடினாலும் அது கதைக்காரனுடைய வழக்குத்தான்.

ஆகஸ்டு 23 தேசிய விண்வெளி தினம். 2023-இல் சந்திரயான்-3 நிலவில் இறங்கிய நாள். அன்றைக்குப் பல பள்ளிக்கூடங்களில் நடப்பதென்ன? ஒரு விஞ்ஞானியை அழைக்கிறார்கள். மாலை, பொன்னாடை, தாளாளரின் அரை மணி நேர வரவேற்புரை. வந்தவர், “கனவு காணுங்கள், உழையுங்கள்” என்கிறார். கைதட்டல், புகைப்படம், நன்றியுரை. மறுநாள், ‘கிரகம் என்றால் என்ன? இரண்டு மதிப்பெண்’ என்று பழைய நெட்டுரு ஆரம்பமாகிவிடுகிறது. இதற்கு விஞ்ஞானி எதற்கு, ஐயா? ஒரு சினிமா நட்சத்திரமே போதுமே!

விஞ்ஞானி தரவேண்டியது அவர் பட்ட பாட்டை. 2014 செப்டம்பர் 24-ஆம் தேதி மங்கள்யான் செவ்வாயை அடைந்தபோது நமக்கும் அதற்கும் இடையே சுமார் 21.5 கோடி கிலோமீட்டர். ஒளியின் வேகம் வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் சுண்ணாம்புக்கட்டியைக் கொடுத்து வகுக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய 12 நிமிஷம் வரும். நாம் ‘நில்’ என்று சொன்னால் அதன் காதில் விழவே 12 நிமிஷம். பதில் வர இன்னும் 12. அதற்குள் காரியம் கைமீறிவிடாதா? ஆகையால்தான் கட்டளைகளை முன்கூட்டியே ஏற்றி வைத்தார்கள். பத்து மாதம் தூங்கிய எஞ்சின் விழிக்குமா என்று இரண்டு நாள் முன்னதாக 4 வினாடி மட்டும் எரித்துப் பார்த்தார்கள். இந்தத் தவிப்பைக் கேட்ட பிள்ளைக்கு வகுத்தல் கணக்கு மறக்குமா?

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகள் நிலவின் மேட்டு நிலப் பாறைகளை ஒத்தவை. அவற்றைப் பொடித்துப் பரப்பித்தான் நிலவு வாகனங்களைச் சோதித்தார்கள். அந்தப் பொடியில் ஒரு பிடியைப் பிள்ளைகளின் கையில் கொட்டினால், ஆயிரம் பிரசங்கம் அதற்கு ஈடாகுமா?

“பாடத்திட்டம் முடியவில்லையே!” என்பார்கள். தூரமும் வேகமும் காலமும் பாடத்திட்டத்தில் இல்லாமல் வேறெங்கே இருக்கின்றன?

“விஞ்ஞானிகளுக்கு நேரம் ஏது?” என்பார்கள். இஸ்ரோவே 2019-இல் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்காக ‘யுவிகா’ பயிற்சியைத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால், தேர்ந்தெடுக்கப்பட்ட சில நூறு பேர் போக, மற்ற கோடிக் குழந்தைகள் என்ன பாவம் செய்தார்கள்? ஓய்வு பெற்ற விஞ்ஞானிகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மாதம் ஒரு நாள் அவர்கள் உபாத்தியாயரோடு உட்கார்ந்து ஒரு பாடத்தை உருவாக்கட்டும். மேடை ஏறாமல், கரும்பலகை அருகே நிற்கட்டும்.

வெற்றியை மட்டும் சொல்லவும் வேண்டாம். 2019 செப்டம்பர் 7-ஆம் தேதி விக்ரம் நிலவில் மோதி நொறுங்கியதையும், அந்தத் தவறுகளை ஒவ்வொன்றாகத் திருத்தி நான்கே ஆண்டில் மீண்டும் போனதையும் சொல்லட்டும். ஒரு தேர்வில் தோற்றதும் உலகமே முடிந்தது என்று நம்பவைக்கப்பட்ட நம் பிள்ளைகளுக்கு, அதைவிட அவசரமான பாடம் வேறில்லை.

பொன்னாடையை மடித்து வையுங்கள். சுண்ணாம்புக்கட்டியை எடுத்து வாருங்கள்.