காட்டை அறிந்தவருக்கு மூடிய கதவு

இந்திய வனப்பணிக்கான போட்டிப் பரீட்சைக்கு வனவியலைக் கற்கும் தமிழ் இளைஞர்கள் எதிர்கொள்ளும் பெருந்தடை பாடத்தின் கடினமன்று, மொழியே. 2013 ஆம் ஆண்டு முதல் இதன் முதனிலைப் பரீட்சை, குடிமைப்பணிப் பரீட்சையுடன் ஒன்றாகவே நடைபெற்று வருகின்றது. அதன் பின்னரே வழிகள் பிரிகின்றன. மாவட்ட ஆட்சியராக விரும்புபவர் தாவரவியலுக்கும் விலங்கியலுக்கும் தமிழில் விடை எழுதலாம். வன அதிகாரியாக விரும்புபவரோ அதே பாடங்களுக்கும், வனவியலுக்கும் ஆங்கிலத்திலேயே விடையளித்தாக வேண்டும். கலைச்சொற்கள் போதா என்ற வாதம் இதனால் அடிபட்டுப் போகின்றது.

வனவியல் பாடவிதானத்தில் மரவளர்ப்பு, மண்வளம், வனச் சட்டங்கள் ஆகியவற்றோடு மக்கள்சார் தாவர அறிவும் இடம்பெறுகின்றது. நீலகிரியின் இருளரும் குறும்பரும் தலைமுறையாகக் காத்துவந்த அறிவு அத்தகையதே. அது பரீட்சைக்குரிய பாடமாகலாம். அச்சமூகத்தில் பிறந்து தமிழில் கற்ற பட்டதாரி அதைத் தமிழில் எழுத முடியாது! 4 மணி நேரத்தில் 25 கிலோமீற்றர் நடக்கவேண்டும் என ஆண்களுக்கு விதிக்கப்பட்டுள்ள சோதனை அவருக்கு ஒரு பொருட்டாக இராது.

2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி உரிமைக் கோரிக்கைகள் கிராம சபையிலிருந்தே தொடங்குகின்றன. அச்சபையில் ஆங்கிலம் பேசப்படுவதில்லை. பல மாநிலங்களில் பணியாற்ற நேரிடும் அதிகாரிக்கு ஆங்கிலம் தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. அதற்கெனத் தனி ஆங்கில வினாத்தாள் ஏற்கெனவே உண்டு. எஞ்சியவற்றையேனும் தாய்மொழியில் எழுத மத்திய அரசு அனுமதிக்க வேண்டும்.