உரிமைச் சீட்டு

முப்பது ஆண்டுகளுக்கு முன் நமது தேசத்து ஊர்களில் வீடியோ கேம் கடைகள் இருந்தன. காசு போட்டு ஆடும் அந்த யந்திரங்களில், சிறுவர்கள் 'முஸ்தபா' என்று அழைத்த ஆட்டத்துக்கு அலாதி மவுசு. அது 1993-ல் காப்காம் என்னும் ஜப்பானியக் கம்பெனி வெளியிட்டது. முஸ்தபா அதில் வரும் ஒரு பாத்திரமே. பாத்திரத்தை அறிந்தவர் அநேகர். செய்தவரை அறிந்தவர் சிலரே. அக்காலத்து யந்திரங்களில் பல, செய்தவருக்குத் தம்படியும் போய்ச் சேராத போலிகள்.

செய்பவருக்கும் விற்பவருக்கும் நடுவே நியாயத்தை நிறுத்துவது 'லைசென்ஸ்' என்னும் உரிமைச் சீட்டு. அதன் அருமையை 'நாம்கோ' கம்பெனியின் சரித்திரம் நன்கு விளக்கும்.

1955-ல் மஸாயா நாகமுரா என்பவர் இக்கம்பெனியைத் தொடங்கினார். யோகஹாமா நகரில் ஒரு பெருங்கடையின் மொட்டை மாடியில், குழந்தைகள் ஏறி ஆடும் இரண்டு பொம்மைக் குதிரைகளே அவருடைய முதல் வியாபாரம். 1974-ல் அமெரிக்க அடாரி கம்பெனியின் ஜப்பானியக் கிளையை அவர் விலைக்கு வாங்கினார். அதனால் அடாரியின் ஆட்டங்களை ஜப்பானில் விநியோகிக்கும் உரிமை கிட்டியது.

1976-ல் பந்தால் செங்கற்சுவரை உடைக்கும் 'பிரேக்அவுட்' ஆட்டம் வந்தது. கிராக்கிக்குத் தக்க சரக்கு வரவில்லை, போலிகள் பெருகின. நாம்கோவும் பொறுமை இழந்து, அடாரியின் சம்மதமின்றித் தானே யந்திரங்கள் செய்யலாயிற்று. விளைவு, இரு கம்பெனிகளுக்கும் தகராறு.

பிறர் ஆட்டத்தை நம்பியிருந்தால் போதாது என்று கண்ட நாம்கோ, 1978 முதல் சொந்த வீடியோ ஆட்டங்களை வெளியிட்டது. 1980-ல் அங்கே வேலை பார்த்த தோரு இவாதானி படைத்த 'பாக்-மேன்' உலகையே மயக்கிற்று. அமெரிக்காவில் அதைச் செய்து விற்க மிட்வே கம்பெனி நாம்கோவிடம் லைசென்ஸ் பெற்றது. சீட்டு வாங்கியவர் சீட்டுக் கொடுப்பவரானார்! பாக்-மேனுக்கும் போலிகள் கிளம்பின. அப்போது நோவு நாம்கோவுக்கு.

இது தூர தேசத்துச் சங்கதி என்று நமது விளாத்திகுளத்தார் எண்ண வேண்டாம். அடுத்துள்ள கோவில்பட்டியின் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நிலக்கடலையும் வெல்லமும் எங்கும் கிடைக்கும்; ஆயினும் அந்தப் பெயரை எவரும் நினைத்தபடி ஒட்டிக்கொள்ளச் சட்டம் இடங்கொடாது. ஆட்டமோ மிட்டாயோ, நீதி ஒன்றே.

இன்று நம் கரிசற்காட்டுப் பிள்ளைகளும் கணினிக் கலை பயில்கின்றனர். நாளை அவர்களில் ஒருவர் ஓர் ஆட்டம் படைத்தால், பெற்றோர் ஒரு வார்த்தை சொல்லி வைக்கட்டும்: எந்த நாட்டில், எத்தனை ஆண்டு, எவ்வளவு பங்குக்கு என்று எழுத்தில் வாங்காமல் எவரிடமும் சரக்கைக் கொடுக்க வேண்டாம். பிறர் ஆட்டத்தைக் காசின்றிப் பிரதி எடுக்கும் வீட்டில் இந்தப் புத்திமதி எடுபடாது என்பதையும் பெற்றோர் நினைவில் வைப்பார்களாக.