பனிக்காலத்தில் கோழிக்குத் தண்ணீர்

கோழிக்குத் தண்ணீர் வைப்பதும் ஒரு பெரிய காரியமா என்று கேட்பீர்கள். நம் பக்கத்தில் இல்லைதான். பழைய சட்டி ஒன்றில் ஊற்றி வைத்தால் சாயங்காலம் வரை கவலையில்லை. ஆனால் கனடாவில் மானிடோபா மாகாணத்துக்குப் போய்ப் பாருங்கள். ஜனவரி இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி சென்டிகிரேடு குளிர் அங்கே சர்வ சாதாரணம். விடியற்காலையில் ஊற்றிய தண்ணீர் சீக்கிரமே கல்லாகிவிடும். கோழி கொத்திக் கொத்திப் பார்த்துவிட்டுத் தாகத்தோடு நிற்கும்.

அதன் தாகம் நமக்கு நஷ்டம். முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர்தானே! ஒரு கோழி நாள் ஒன்றுக்கு ஏறக்குறையக் கால் லிட்டர் குடிக்கும். ஒரு நாள் முழுவதும் கிடைக்காவிட்டால் முட்டை குறைந்துவிடும். பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம். "சுற்றிலும் பனி கிடக்கிறதே, அதைத் தின்னட்டுமே!" என்பீர்கள். தின்னும். ஆனால் அதை உருக்க உடம்புச் சூடு செலவாகும். போதிய தண்ணீரும் சேராது.

பின் என்ன செய்வது? கொட்டகையில் மின்சாரம் இல்லையென்றால் இரண்டு பாத்திரங்கள் வேண்டும். ஒன்று கொட்டகையில் இருக்கும்போது மற்றொன்று வீட்டுக்குள் உருகட்டும். கறுப்பு ரப்பர் தொட்டி ரொம்ப உத்தமம். வெயிலின் சூட்டை வாங்கிக்கொள்ளும். கவிழ்த்து மிதித்தால் பனிக்கட்டி விழுந்துவிடும். மண்சட்டியும் கண்ணாடியும் உதவாது. உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவிகிதம் பெருப்பதால் அவை வெடித்துவிடும். அகலத் தட்டைவிட ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் மெதுவாகவே உறையும்.

மின்சாரம் இருந்தால் சூடேற்றும் தட்டு ஒன்று வாங்கிப் பாத்திரத்துக்கு அடியில் வைக்கலாம். குளிர் உறைநிலையை நெருங்கியதும் தானே வேலை செய்யும் தெர்மாஸ்டாட் உள்ளதாகப் பாருங்கள். ஒயரைக் கோழி கொத்தக் கூடாது. ஈரமும் படக் கூடாது. வைக்கோலுக்கு மேலே 250 வாட் விளக்கைத் தொங்கவிடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அது அறுந்து விழுந்தால் கொட்டகையோடு கோழிகளும் சாம்பல்தான்.

உப்புப் போட்டால் உறையாதே என்று சிலருக்கு யோசனை தோன்றும். உறையாமல் தடுக்கும் அளவு உப்பு கோழியைக் கொன்றுவிடும். மோட்டார் காருக்கு ஊற்றும் உறைதடுப்புத் திரவமோ, சந்தேகமில்லாமல் விஷம்.

இரவில் பாத்திரத்தை வெளியே எடுத்துவிடுங்கள். இருட்டில் கோழி குடிக்காது. கொட்டகையில் ஈரம் தங்கினால் குளிரில் கொண்டையும், அலகுக்குக் கீழே தொங்கும் தாடியும் கறுத்துச் செத்துப்போகும். தாடி தண்ணீரில் நனைந்தாலும் இதே கதிதான். இந்தத் தொல்லைக்காகவே க்யூபெக் மாகாணத்து ஓகா மடத்தில் வில்ஃப்ரிட் ஷாட்லான் என்ற துறவி 1908-இல் தொடங்கிப் பல வருஷம் பாடுபட்டு, கொண்டையும் தாடியும் மிகச் சிறியதாக உள்ள 'ஷாந்தக்ளேர்' என்ற இனத்தையே உண்டாக்கினார்.

கோழி விழித்ததும் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, அடைவதற்கு முன் ஒரு தடவை வெதுவெதுப்பான தண்ணீர் வைத்தால் போதும். கடுங்குளிரானால் இன்னும் இரண்டு நடை கூடும். குளிர்தேசத்தில் மகளோ மருமகளோ கோழி வளர்க்கிறாள் என்றால், மறக்காமல் இதைச் சொல்லி அனுப்புங்கள்.