நெல்லுக்கு வானம் கூரையல்ல! இரும்புக் கொட்டகை கொடு!



2025 அக்டோபர் மழையில் டெல்டாவின் குறுவை நெல் பட்ட பாட்டை நமக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொள்முதல் நிலைய வாசலில் கொட்டிக்கிடந்த நெல்லு நனைந்து முளைவிட்டது. 17 சதவீதத்துக்கு மேல் ஈரமென்றால் தள்ளுகிறார்கள். தளர்வு கேட்டு டெல்லிக்குக் கடிதம் போகிறது. மத்தியக் குழு வந்து மாதிரி அள்ளுகிறது. 2022 அக்டோபரிலும், 2023 பிப்ரவரியிலும் இதே கதைதான். குழு வந்து போகும்வரை நெல்லு காத்திருக்குமா?

நாம் கேட்பது தார்ப்பாய் அல்ல. இரும்புத் தூண் நட்டு, தகடு வேய்ந்த நிரந்தரக் கொட்டகை. ஆலைக்காரர் சரக்குக்கு இரும்பு ஷெட், நம்ம நெல்லுக்கு மட்டும் தார்ப்பாயா?

இரும்பு எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறோம். இரும்புச் சட்டம் போட்டால் 50, 60 அடி அகலத்துக்கு நடுவில் தூணே வேண்டாம். லாரி உள்ளே வந்து திரும்பலாம், தூற்றும் இயந்திரம் ஓடலாம், மூட்டையை அட்டியாக அடுக்கலாம். இங்கே கடைக்கால் போடும்போதே அங்கே பட்டறையில் சட்டம் தயாராகிவிடும். அறுவடைக்கு முன் வேலை முடியும். நெல் வரத்து கூடினால் இன்னும் இரண்டு கண்ணம் சேர்த்து நீட்டலாம். இடம் மாறினால் போல்ட்டைக் கழற்றி வேறு களத்தில் நிறுத்தலாம். காங்கிரீட் கட்டடத்தை அப்படித் தூக்கிப் போக முடியுமா?

ஆலையிலிருந்து அளவெடுத்து வரும் ரெடிமேட் ஷெட்டுக்கு இரும்பு குறைவாகப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஐ-பீம், சேனல், ஆங்கிள் கொண்டு கட்டும் வழக்கமான கொட்டகையை நம்ம ஊர் வெல்டரே கட்டுவார், பழுதும் பார்ப்பார். திருச்சி பெல் ஆலையை ஒட்டி துவாக்குடியில் வளர்ந்த பட்டறைகளுக்கு இந்த வேலை கைவந்த கலை. கூலியும் நம் மண்ணிலேயே தங்கும்.

துருப்பிடிக்கும் என்பார்கள். ரெட் ஆக்சைடு அடித்து, காலத்தில் பெயிண்ட் பூசினால் பல பத்தாண்டு நிற்கும். கடலோரத்தில் துத்தநாகம் பூசிய இரும்பு போடட்டும். புயலில் பறக்கும் என்பார்கள். 2018 கஜாவில் ஓடும் தகடும் பறந்ததை நாமும் பார்த்தோம். அதனால்தான் ஐ.எஸ். 875 விதிப்படி காற்று விசையைக் கணக்கிட்டு, குறுக்குச் சட்டமும் அடித்தள போல்ட்டும் போட்டு ஒழுங்காகக் கட்டச் சொல்கிறோம். கமிஷனுக்குக் கட்டும் ஷெட் நமக்கு வேண்டாம்!

பணமில்லை என்ற பேச்சும் வேண்டாம். 2020-ல் வேளாண் உள்கட்டமைப்பு நிதி என்று 1 லட்சம் கோடி ரூபாய்க் கடன் திட்டம் அறிவித்தார்கள். கிடங்குக்கும் அதில் இடம் உண்டு என்றார்கள். அதில் நம்ம ஊர் களத்துக்கு எவ்வளவு?

எனவே கோருகிறோம்:

* திறந்தவெளியில் நடக்கும் எல்லாக் கொள்முதல் நிலையங்களுக்கும் இரும்புக் கொட்டகை கட்டு!
* தரையை உயர்த்தி, தண்ணீர் வடிய வழி செய்!
* மதிப்பீடு, அளவு, செலவு அனைத்தையும் கிராம சபையில் வை!
* கொள்முதல் செய்த மூட்டைகளை உடனுக்குடன் கிடங்குக்கு ஏற்று!

விளைய வைத்தது நாம். நனையவிட்டது அவர்கள். வீட்டுக்கு ஒருவர் களத்துக்கு வாருங்கள், கூரை வரும்வரை குரல் ஓயாது!