எந்தக் கண்ணோய்க்கு நல்லது?

‘கண்ணுக்கு நல்லது’ என்னும் தொடர் நம்மிடையே வழங்கும் மருத்துவத் தொடர்களுள் மிகப் பழையது. மிகத் தெளிவற்றதும் அதுவே. பொன்னாங்காணியைச் சமைக்கும் தாய் அதனைக் கூறுகின்றாள். விற்றமின் குளிகை விற்கும் வணிகரும் அதனையே கூறுகின்றனர். தாயின் கூற்றிலே இலாப நோக்கம் இல்லை. வணிகரின் கூற்றிலோ ‘ஒட்சியேற்றவெதிரி’ என்னும் விஞ்ஞானச் சொல் துணைக்கு அழைக்கப்பட்டுள்ளது. எந்தக் கண்ணோய்க்கு நல்லது என்பதை இரு சாராரும் கூறுவதில்லை. கலைப்பீட மாணவருக்கு இதில் என்ன வேலை என வினவுவோர் இருக்கலாம். ஒரு சொல் பொருளை மயக்குமிடத்தில் மொழி பயில்வோருக்கு வேலை உண்டு என்பதே நமது விடை.

கீரையிலும் கரற்றிலும் உள்ள கரோற்றீன் உடலில் விற்றமின் ஏ ஆக மாறுகின்றது. அவ்விற்றமின் குறைவால் வரும் மாலைக்கண் அதனை ஊட்ட நீங்கும். முதுமையில் விழித்திரையின் மையம் சிதையும் நோய் ஓரளவு முற்றியோரிடத்து, ஒட்சியேற்றவெதிரிகளும் நாகமும் சேர்ந்த குளிகை அது மேலும் முற்றும் அபாயத்தை ஏறத்தாழ 25 சதவீதத்தாற் குறைத்ததென 2001 இல் வெளியான அமெரிக்கச் சோதனை காட்டியது. இவை மறுக்கவியலாதவை. ஆயின் குளுக்கோமா இவ்விரண்டில் எதுவுமன்று. அது பார்வை நரம்பின் இழைகள் படிப்படியாக மடியும் நோய். பெரும்பாலும் வலியின்றி வந்து, பக்கப் பார்வையைப் பறித்து, நோயாளி உணருமுன் பெருஞ்சேதம் விளைவிப்பது. இழந்த பார்வை மீள்வதில்லை. ஒரு நோய்க்குரிய சான்றை இன்னொரு நோய்க்குச் சாட்சியாக நிறுத்துவது தருக்கமாகாது.

ஒட்சியேற்றக் கருதுகோள் அடிப்படையற்றதென நாம் கூறவில்லை. கண்ணின் முன்னறை நீரில் விற்றமின் சீ குருதியில் உள்ளதைக் காட்டிலும் பன்மடங்கு உண்டு. அந்நீர் வடியும் வலையத்தையும் நரம்புக் கலங்களையும் ஒட்சியேற்றம் பாதிக்கக்கூடும் என்பதற்கு ஆய்வுகூடச் சான்றுகள் உள்ளன. கண்ணழுத்தம் இயல்பாயிருப்போருக்கும் இந்நோய் வருதலால், அழுத்தத்துக்கு அப்பாலும் காரணம் தேடுவது நியாயமே. ஆனால் கருதுகோள் வேறு, முடிவு வேறு.

மனிதரிடத்து நடந்த ஆய்வுகள் கூறுவது யாது? அமெரிக்கத் தாதியரையும் ஆண் சுகாதாரத் தொழிலாளரையும் பல்லாண்டு தொடர்ந்து, 2003 இல் வெளியான ஆய்வில், ஒட்சியேற்றவெதிரிகளை மிகுதியாக உட்கொண்டோருக்குத் திட்டமான பாதுகாப்பு எதுவும் புலப்படவில்லை. அதே குழுவினரைக் கொண்டு 2016 இல் வெளியான ஆய்வில், பச்சை இலைக்கறிகளை மிகுதியாக உண்டோரிடம் நோய் 20 முதல் 30 சதவீதம் வரை குறைவாயிருந்தது. ஆயினும் அவ்வாய்வாளர் ஆராய்ந்தது இலைக்கறியிலுள்ள நைத்திரேற்றையேயன்றி ஒட்சியேற்றவெதிரியை அன்று. அதுவும் ஒரு தொடர்பேயன்றி நிறுவப்பட்ட காரணமன்று. கீரை உண்போர் வேறு பல வழக்கங்களிலும் ஏனையோரினின்று வேறுபடுவர்.

தொடர்பைக் காரணமாகக் கொள்வதன் விலையை உலகம் ஒருமுறை கொடுத்தாயிற்று. கரோற்றீன் மிகுந்த உணவு உண்போருக்குச் சுவாசப்பைப் புற்றுநோய் குறைவெனக் கண்டு, பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேற்பட்டோரிடம் குளிகைச் சோதனை நடத்தப்பட்டது. 1994 இல் முடிவு வெளியாயிற்று: பீற்றா கரோற்றீன் பெற்றோரிடம் அப்புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. உணவிலே நன்மையோடு தொடர்புற்ற பொருள் குளிகையிலே தீங்காயிற்று.

இதற்கு மாறாகக் கண்ணழுத்தத்தைக் குறைத்தலின் பயன் சோதித்து நிறுவப்பட்டது. அழுத்தம் உயர்ந்தும் நோய் தோன்றாதோரிடம் நடத்தப்பட்டு 2002 இல் வெளியான அமெரிக்கச் சோதனையில், ஐந்தாண்டுகளுள் சிகிச்சை பெறாதோரில் 9.5 சதவீதத்தினருக்கும், சொட்டுமருந்து பெற்றோரில் 4.4 சதவீதத்தினருக்குமே நோய் தோன்றியது.

பாரம்பரிய உணவை இகழ்கின்றோம் எனச் சிலர் குறை கூறலாம். கீரையை எவரும் கைவிட வேண்டியதில்லை, நாளும் உண்க. நாம் எதிர்ப்பது, மருந்தின் இடத்தில் கீரையையோ குளிகையையோ அமர்த்துவதை. சொட்டுமருந்தால் நோயாளி எந்தத் தேறுதலையும் உணர்வதில்லை; குளிகையாலும் உணர்வதில்லை. ஆகவே அனுபவத்தைக் கொண்டு இரண்டையும் பிரித்தறிய அவரால் இயலாது. உணர முடியாத நோயிலே பொய் மருந்து பிடிபடுவதில்லை. பிடிபடும் நாளிலே பார்வை போயிருக்கும். இங்குதான் தெளிவற்ற சொல் தீங்கற்றதாயிருத்தல் ஒழிந்து கொடிதாகின்றது.

நாளை முறையான சோதனையொன்று இக்கருதுகோளை நிறுவுமாயின் அதனை முதலில் வரவேற்போர் நாமாக இருப்போம். அதுவரை, தமிழில் விஞ்ஞானம் எழுதுவோரும் அதனைப் படிப்போரும் மூன்று வினாக்களைக் கைவிடலாகாது: எந்த நோய்? எத்தகைய சான்று? எதற்கு மாற்றாக? பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ குளுக்கோமா உள்ளவர் செய்யவேண்டியது குளிகைப் போத்தலை நாடுவதன்று. கண் வைத்தியரிடம் சென்று அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் சோதிப்பித்தலே.